வீட்டில் அன்பு இருந்தும் வேலையில் ஏன் அந்நியம்?

கேள்வி: பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டே, மாலையில் ஓர் அலுவலகத்தில் தரவுப் பதிவு செய்கிறேன். வீட்டார் அன்பானவர்கள், நண்பர்களும் உண்டு. இருந்தும், கணினி முன் உட்கார்ந்ததும் அங்கே வேலை செய்வது நானல்ல, வேறு யாரோ என்று தோன்றுகிறது. எந்த நாள் எந்த ஷிப்ட் என்பது முந்தைய இரவில்தான் தெரிகிறது. குறை என்னிடமா?

பதில்: உங்களிடம் குறை இருப்பதாகக் கடிதத்தைப் படித்த எனக்குத் தோன்றவில்லை. உழைப்பவர் தம் உழைப்பின் விளைவிலிருந்தும் உழைக்கும் செயலிலிருந்தும் விலகிப்போவதைக் கார்ல் மார்க்ஸ் 1844ஆம் ஆண்டுக் குறிப்புகளிலேயே அந்நியமாதல் என்று விளக்கினார். 1959இல் சமூகவியலாளர் மெல்வின் சீமன் இவ்வுணர்வை ஆற்றலின்மை, அர்த்தமின்மை, நெறியின்மை, தனிமை, தன்னிலிருந்தே விலகல் என ஐந்தாகப் பிரித்துக் காட்டினார். அறிவுரை சொல்பவர்கள் பெரும்பாலும் இவற்றுள் தனிமையை மட்டுமே கண்டு, நாலு பேரிடம் மனம்விட்டுப் பேசச் சொல்லிவிடுவார்கள். உங்களை வாட்டுவதோ, நேரத்தைத் தீர்மானிக்க இயலாத ஆற்றலின்மையும், பதிவு செய்யும் தகவல் எங்கே போகிறது, யாருக்குப் பயன்படுகிறது என்று அறியாத அர்த்தமின்மையுமே.

ஆதரவும் ஒரே வகையானதன்று. உணர்வு சார்ந்தது, செயலால் உதவுவது, தகவல் தருவது, செய்த வேலையை மதிப்பிட்டுச் சொல்வது என்று சமூகவியலாளர் ஜேம்ஸ் ஹவுஸ் 1981இல் அதை நான்காக வகுத்தார். முதல் வகையை வீடு உங்களுக்குத் தாராளமாகத் தருகிறது. மற்ற மூன்றும் வேலையிடத்திலிருந்து வந்தாக வேண்டியவை, அவைதாம் உங்களுக்கு வாய்க்கவில்லை. 'படிக்கிற பிள்ளை, எப்படியும் போய்விடும்' என்று நிறுவனம் நினைக்க, 'தற்காலிக வேலைதானே' என்று மாணவரும் நினைப்பதால், வேலையைக் கற்றுத்தரவோ குறைநிறை சொல்லவோ அங்கே எவரும் மெனக்கெடுவதில்லை.

ஆகவே பொதுவாகக் குறைபட்டுக்கொள்ளாமல், குறிப்பான ஒன்றைக் கேளுங்கள். தேர்வுத் தேதிகளை எழுத்தில் கொடுத்து, ஷிப்ட் பட்டியலை ஒரு வாரம் முன்னதாகத் தர இயலுமா என்று மேற்பார்வையாளரிடம் கேட்கலாம். அங்கே வேலை பார்க்கும் வேறு மாணவர் இருந்தால், ஷிப்டை மாற்றிக்கொள்ள உடன்பாடு செய்துகொள்ளலாம். உங்கள் பதிவுகள் எதற்குப் பயன்படுகின்றன என்று கேட்பதிலும் தவறில்லை. இத்தனைக்குப் பிறகும் நிர்வாகம் அசையாவிட்டால், மன உறுதியைக் கூட்டிக்கொள்வதைவிட வேறு வேலை தேடுவதையே நான் பரிந்துரைப்பேன்.

கேள்வி: இதே நிலையிலுள்ள என் வகுப்புத் தோழியை எப்படித் தேற்றுவது?

பதில்: தேற்றுவது இருக்கட்டும், குழுப்பணிக் கூட்டத்தை அவருடைய வேலை நேரத்தில் வைக்காதீர்கள். தவறவிட்ட வகுப்பின் குறிப்புகளை அவர் கேட்கும் முன்பே அனுப்பிவிடுங்கள்; ஒவ்வொரு முறையும் கேட்டுப் பெறுவது அவருக்குக் கூச்சமாக இருக்கும்.