பட்டறைப் பக்கம்: மீன் ஏற்றிய பிக்கப், வாழைத்தார் ஏற்ற

கேள்வி: அண்ணாச்சி, உவரியில் மீன் ஏற்றிக்கொண்டிருந்த 2008 மாடல் டாடா 207 டிஐ ஒன்று மலிவாகக் கிடைத்தது. நாலு வருஷமாக ஓலைக் கொட்டகையில் நின்ற வண்டி. தோட்டத்து வாழைத்தார் ஏற்றத்தான் வாங்கினோம். செலவழிக்க ஒரு லட்சம் இருக்கிறது. முதலில் பெயிண்ட் அடித்துப் பார்வையாக்கிவிடலாம் என்கிறான் தம்பி. எங்கே ஆரம்பிக்க?
- களக்காடு வாசகர்

பதில்: பெயிண்ட் டப்பாவைக் கடைசி மாதம் வரை வாங்கவே வேண்டாம். மீன் வண்டியில் ஐஸ் உருகி, உப்போடு கலந்த தண்ணீர், சரக்கு ஏற்றும் தளமான டெக்கின் இடுக்கு வழியாக, வண்டியின் அடிச்சட்டமான சேசிஸில் வருஷக்கணக்கில் சொட்டியிருக்கும். ஒரு லட்சத்தில் எவ்வளவு மிஞ்சும் என்பதைச் சேசிஸ்தான் சொல்லும்.

அரைக் கிலோ சுத்தியல் ஒன்றும் பழைய ஸ்க்ரூடிரைவர் ஒன்றும் எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் போங்கள். முன்னாலிருந்து பின்னால் வரை, சாணுக்கு ஒரு தட்டு. நல்ல இரும்பு 'டங்' என்று கேட்கும். அரித்தது 'டொக்' என்று அடங்கும், கூடவே துரு அப்பளம் அப்பளமாக உதிரும். சேசிஸ் 'ப' வடிவ இரும்புதானே, அதன் கீழ் மடிப்புக்குள் விரலை விட்டுப் பாருங்கள். சகதியும் உப்பும் தங்கும் இடம் அது. அடுத்து, பின் சக்கரத்து ஸ்பிரிங் பட்டைகளைப் பிடித்திருக்கும் ஹேங்கர்களைச் சுற்றி. மூன்றாவது, டெக்குக்கும் சேசிஸுக்கும் நடுவில் நீளமாகப் போட்டிருக்கும் மரக்கட்டை. அது ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொண்டு அடியில் இருக்கும் இரும்பைத் தின்றுவிடும். டெக்கைத் தூக்காமல் இது தெரியாது. யூ போல்ட்டுகள் துருவேறி அசையாது, கிரைண்டரில் அறுத்துவிடுங்கள். லேத் பட்டறையில் அதே அளவுக்குப் புதிது வளைத்துத் தருவார்கள். டெக்கைத் தூக்க ஆறு பேர் போதும்.

ஸ்க்ரூடிரைவர் உள்ளே இறங்குகிற இடம் ஹேங்கருக்கு ஒரு சாண் தூரத்துக்குள் இருந்தால் அது வீட்டு வேலை இல்லை. சேசிஸ் வேலை தெரிந்த பட்டறைக்குக் கொண்டுபோங்கள். இரண்டு பக்கமும் அப்படி இருந்தால் வண்டியைக் காயலான் கடைக்கு அனுப்புவதுதான் லாபம். மற்ற இடத்தில் ஒட்டு போடலாம். நல்ல பகுதியில் வெர்னியர் வைத்துத் தடிமனை அளந்து, அதே தடிமன் தகட்டை உட்பக்கமாக வையுங்கள். தகட்டின் இரு முனையையும் சரிவாக வெட்டுங்கள். நேராக வெட்டிச் செங்குத்தாக வெல்டிங் இழுத்தால், பாரம் ஏறியதும் அந்தக் கோட்டிலேயே விரிசல் விடும். மேல், கீழ் மடிப்புகளின் குறுக்கே வெல்டிங் கூடவே கூடாது. வெல்டிங்குக்கு முன் பேட்டரி வயர் இரண்டையும் டைனமோ வயரையும் கழற்றுங்கள். டீசல் டேங்கை இறக்கித் தூர வையுங்கள். டேங்கிலேயே ஓட்டை இருந்தால் அதன் மேல் வெல்டிங் வைக்கவே வேண்டாம். காலி டேங்கில் இருக்கும் ஆவிதான் வெடிக்கும்.

துரு சுரண்டும் முன் உப்பைக் கழுவ வேண்டும். திசையன்விளை, ராதாபுரம் பக்கம் பல போர்களில் தண்ணீரே கரிக்கும். அதில் கழுவினால் உப்பு மேல் உப்புதான். குடிநீர்க் குழாய்த் தண்ணீரை இரண்டு டிரம் பிடித்து, மூன்று முறை பிரஷ் போட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். காய்ந்தபின் கிரைண்டரில் கம்பி பிரஷ் மாட்டித் தேயுங்கள், கண்ணாடி போடாமல் தொடாதீர்கள். மறுநாள் காலையில் தேய்த்த இடத்தில் ஆரஞ்சு நிறம் பூத்திருந்தால் குழிக்குள் இன்னும் உப்பு இருக்கிறது, திரும்பக் கழுவித் தேயுங்கள். இந்த ஒரு நாளை மிச்சம் பிடித்தால், மேலே எதைப் பூசினாலும் ஆறு மாதத்தில் கொப்புளமாகக் கிளம்பும்.

பிறகு, மிச்சத் துருவை மாற்றி அடக்கும் ரஸ்ட் கன்வர்ட்டர். அது காய்ந்ததும் இரண்டு டப்பா கலந்து அடிக்கும் எபாக்சி பிரைமர் ஒரு கோட், கறுப்பு எனாமல் இரண்டு கோட். இந்த அளவு வண்டிக்குப் பிரைமர் ஒரு லிட்டரும் எனாமல் இரண்டு லிட்டரும் போதும். பிரஷ்ஷில் அடித்தாலே போதும், குழிகளுக்குள் நன்றாக இறங்கும். சேசிஸ் நம்பர் அடித்த இடத்தில் மட்டும் கிரைண்டரும் வேண்டாம், கெட்டிப் பெயிண்டும் வேண்டாம். தகுதிச் சான்றான எஃப்சிக்குப் போனால் அந்த எழுத்துகள் தெளிவாகத் தெரிய வேண்டும். அங்கே கிரீஸ் தடவி விடுங்கள்.

வேஸ்ட் ஆயில் அடிக்கும் பழக்கம் நம் பக்கம் நிறைய உண்டு. வேண்டாம். அது ரப்பர் புஷ்ஷையும் பிரேக் ஹோஸையும் ஊதவைக்கும், தேரி மணலை ஒட்டவைக்கும், அடுத்த முறை பெயிண்டைப் பிடிக்கவிடாது.

டெக்குக்கு 3 மில்லிமீட்டர் புள்ளித் தகடு போட நினைத்தால் எடையையும் கணக்கில் வையுங்கள். சதுர மீட்டருக்குச் சுமார் 25 கிலோ. எட்டடிக்கு ஐந்தரை அடி டெக் என்றால் நூறு கிலோ தகட்டுக்கே போய்விடும். வாழைத்தாருக்குப் பலகை டெக் நல்லது, காயும் கன்றாது.

கேள்வி: நாலைந்து வருஷம் நின்ற டீசல் எஞ்சினை, டிராக்டரில் கட்டி இழுத்து செகண்ட் கியரில் விட்டால் கிளம்பிவிடும் என்கிறார்கள். செய்யலாமா?
- பேட்டை வாசகர்

பதில்: செய்யாதீர்கள். ரிங்குகள் சிலிண்டர் சுவரோடு துருப்பிடித்து ஒட்டியிருக்கலாம். இழுத்த இழுப்பில் ரிங் உடைந்தால் எஞ்சினையே பிரிக்க வேண்டிவரும்.

சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் நாசில்களைக் கழற்றி ஒவ்வொரு சிலிண்டருக்கும் 10 மில்லி எஞ்சின் ஆயில் விட்டு ஒரு ராத்திரி ஊறவையுங்கள். காலையில் கிராங்க் புல்லி போல்ட்டில் ஸ்பானர் போட்டுக் கையால் சுற்றுங்கள். இரண்டு முழுச் சுற்று தடையில்லாமல் வந்தால் பாதி பயம் போயிற்று. நடுவில் நின்றால் பலம் காட்டாமல் இன்னும் ஆயில் விட்டு இரண்டு நாள் பொறுங்கள். சுற்றியதும், நாசில் மாட்டும் முன்பே, டீசலை அடைத்துவிட்டுச் செல்ஃப் அடியுங்கள். விட்ட ஆயில் வெளியே பீய்ச்சும், முகத்தை வைத்துக் குனிய வேண்டாம். உள்ளே ஆயிலை விட்டுவைத்து நாசிலை மாட்டினால் கனெக்டிங் ராடு வளையலாம். செல்ஃப் ஒரு தடவைக்குப் பத்து விநாடி, பிறகு ஒரு நிமிஷம் ஓய்வு. ஆயில் பிரஷர் வரும்வரை இப்படியே.

பழைய டீசலை முழுக்க வடித்துவிடுங்கள். டேங்கின் அடியில் கறுப்பாகக் குழைவாகப் படிந்திருப்பதை மூன்று லிட்டர் நல்ல டீசலும் ஒரு முழம் சங்கிலியும் உள்ளே போட்டுக் குலுக்கிக் கழுவுங்கள். ஆயில், ஆயில் ஃபில்டர், டீசல் ஃபில்டர் எல்லாம் புதிது. ஃபில்டர் மேல் இருக்கும் கைப்பம்பை அடித்துக் குமிழி நிற்கும்வரை ஏர் எடுங்கள். நாசில் பைப் நட்டுகளை அரைச் சுற்றுத் தளர்த்திச் செல்ஃப் அடித்து, டீசல் கசிந்ததும் இறுக்குங்கள். ஓடுகிற எஞ்சினில் அந்தக் கசிவில் கை வைக்காதீர்கள். அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும்.

கிளப்பும்போது ஏர் ஃபில்டர் குழாயைக் கழற்றிவிட்டு, எஞ்சின் காற்றிழுக்கும் வாயை மூடும் அளவுக்கு ஒரு கெட்டிப் பலகையோடு ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டும். உள்ளே ஆயில் அதிகமாகி எஞ்சின் தானே வேகமெடுத்தால் டீசலை நிறுத்தியும் நிற்காது, ஆயிலைக் குடித்து ஓடும். காற்றை அடைத்தால்தான் நிற்கும். கையால் அடைக்கப் போகாதீர்கள்.

முதல் ஐந்து நிமிஷம் வெள்ளைப் புகை வரலாம், பயப்பட வேண்டாம். சூடேறியபின்பும் நீலப் புகை நிற்காமல், ஆயில் மூடியைத் திறந்தால் புஸ் புஸ்ஸென்று ஆவி அடித்தால் ரிங் வேலை இருக்கிறது.

கேள்வி: பிரேக்கை முதல் மிதி மிதித்தால் பெடல் அடிவரை போகிறது. மூன்றாவது மிதியில்தான் பிடிக்கிறது. வீல் சிலிண்டர் வாஷர் கிட் மாற்றினோம், ஒரே மாதத்தில் திரும்ப ஒழுகுகிறது.
- அம்பாசமுத்திரம் வாசகர்

பதில்: இரண்டும் வேறு வேறு கோளாறு. மிதிக்க மிதிக்கப் பெடல் உயர்ந்தால் பிரேக் ஆயில் லைனில் ஏர் இருக்கிறது, அல்லது பின் பிரேக் ஷூ டிரம்மிலிருந்து விலகி இருக்கிறது. முதலில் ஷூவை அட்ஜஸ்ட் செய்யுங்கள். வீலைச் சுற்றினால் லேசாக உரசும் சத்தம் கேட்க வேண்டும். பிறகு ஏர் எடுங்கள், மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரமான வீலிலிருந்து கிட்டத்துக்கு: பின் இடது, பின் வலது, முன் இடது, முன் வலது.

ஒழுகலுக்குக் காரணம் ரப்பர் வாஷர் இல்லை, அது உரசும் சுவர். சிலிண்டருக்குள் விரலை விட்டு நகத்தால் வருடிப் பாருங்கள். நகம் மாட்டினால் அங்கே துருக்குழி இருக்கிறது. எத்தனை கிட் போட்டாலும் அந்தக் குழி ரப்பர் விளிம்பை அறுக்கும். முழு சிலிண்டரையே மாற்றுங்கள், ஒரு பக்கம் மட்டும் போதாது, இரண்டு பக்கமும். இன்னொரு காரணமும் உண்டு. பாகங்களை டீசலிலோ பெட்ரோலிலோ கழுவினால் ரப்பர் ஊதிக் கெட்டுப்போகும். பிரேக் ஆயிலில் மட்டும் கழுவுங்கள். டிரம் தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள், பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். ஈரத் துணியால் துடையுங்கள்.

கேள்வி: ஆடி மாதம் முற்றத்தில் தார்ப்பாய் கட்டி கேபினுக்குப் பெயிண்ட் அடித்தோம். உப்புத்தாள் மாதிரி சொரசொரப்பு. பட்டி வைத்த இடமெல்லாம் மூன்றே மாதத்தில் கொப்புளம்.
- பணகுடி வாசகர்

பதில்: உங்கள் ஊர்க் காற்றாலை சுற்றுகிற மாதங்களில் திறந்தவெளியில் பெயிண்ட் வேண்டாம். தார்ப்பாய் காற்றை மறைக்கும், தூசியை மறைக்காது. ஐப்பசி, கார்த்திகை மழையும் விட்டுத் தை முதல் பங்குனிக்குள் வைத்துக்கொள்ளுங்கள். காலை ஏழு மணியிலிருந்து பத்துக்குள், தகடு சுடுவதற்கு முன். தரையில் தண்ணீர் தெளித்துவிட்டு அடியுங்கள்.

கொப்புளத்துக்குக் காரணம் பெரும்பாலும் தண்ணீர்தான். ஹார்ட்னர் கலக்கும் பட்டியைத் தண்ணீர் ஊற்றித் தேய்த்தால் ஈரத்தைக் குடித்துக்கொள்ளும், பிறகு வெயிலில் அந்த ஈரம் பெயிண்டைத் தூக்கும். பட்டியை 80, பிறகு 180 தாளில் உலர்வாகவே தேயுங்கள். பிரைமர் அடித்தபின் 400, 600 தாளுக்குத் தண்ணீர் விடலாம். நூறு கிராம் பட்டிக்கு ஹார்ட்னர் இரண்டு கிராம். நம் வெயிலில் ஐந்து நிமிஷத்தில் இறுகிவிடும், அதனால் உள்ளங்கை அளவுக்கு மேல் குழைக்காதீர்கள். அட்டையில் குழைக்க வேண்டாம், அட்டை ரெசினை உறிஞ்சிவிடும். கண்ணாடித் துண்டு நல்லது. 3 மில்லிமீட்டர் கனத்துக்கு மேல் பட்டி தேவைப்படும் பள்ளம், தகட்டைத் தட்டி நிமிர்த்தும் டிங்கர் வேலை. கதவின் அடி மடிப்பு ஓட்டை என்றால் கதவைக் கழற்றி நீங்களே சிஓ2 வெல்டிங் பட்டறைக்குத் தூக்கிப் போங்கள். வீட்டு ஆர்க் வெல்டிங்கில் அந்தத் தகடு பொத்துப்போகும். கதவின் அடியில் இருக்கும் தண்ணீர்த் துளையைப் பட்டியால் அடைத்துவிடாதீர்கள்.

கம்ப்ரெசர் டேங்க் தண்ணீரை அடிக்கும் முன் திறந்துவிடுங்கள். எனாமலுக்கு ஸ்ப்ரே கன்னில் 1.4 நாசில், 30 முதல் 40 பிஎஸ்ஐ. பியூ (பாலியூரித்தேன்) பெயிண்டை வீட்டில் அடிக்காதீர்கள். அதன் ஹார்ட்னரில் இருக்கும் ஐசோசயனேட் நுரையீரலைக் கெடுக்கும், துணி மாஸ்க் அதைத் தடுக்காது.

கேள்வி: எங்கள் வெள்ளை பிக்கப்பை நீலமாக்க ஆசை. ஏதாவது தடை உண்டா?
- ஆலங்குளம் வாசகி

பதில்: ஆர்சி புத்தகத்தில் வெள்ளை என்று இருந்து வண்டி நீலமாக நின்றால் எஃப்சியில் மாட்டுவீர்கள். முதலில் ஆர்டிஓ அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து, நிறத்தை ஆர்சியில் மாற்ற ஏற்பாடு செய்துவிட்டுப் பெயிண்ட் வாங்குங்கள். எஞ்சின் மாற்றினாலும் இதே கதைதான். மஞ்சள் போர்டு சரக்கு வண்டி எட்டு வருஷம் தாண்டிவிட்டால் எஃப்சி வருஷா வருஷம். பழைய வண்டி வாங்குகிறவர்கள் டேக்ஸ் பாக்கியையும் எஃப்சி முடிந்த தேதியையும் பார்த்த பிறகே முன்பணம் கொடுங்கள். பெயிண்ட் வேலை முடிந்ததும் முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்பு ரிஃப்ளெக்டர் டேப்பை மறக்காமல் ஒட்டுங்கள். புது எனாமல் ஒரு வாரமாவது நன்றாகக் காய்ந்த பிறகு ஒட்டினால் டேப் உரியாது.