லாகில் பிழையே இல்லை, ஆனால் செய்திகள் டெட் லெட்டர் க்யூவில்

வணக்கம். பெரிய சிஎஸ்வி கோப்பைத் துண்டுபோட்டு எஸ்க்யூஎஸ்ஸில் (ஏடபிள்யூஎஸ்ஸின் செய்தி வரிசை, அதாவது க்யூ) தள்ளுகிறீர்கள், அவற்றைக் கையாளும் லாம்டா ஃபங்ஷனுக்கு ரிசர்வ்டு கன்கரன்சி (ஒரே நேரத்தில் எத்தனை ஓடலாம் என்ற வரம்பு) 20, பாதிச் செய்திகள் டெட் லெட்டர் க்யூவில் (பலமுறை எடுத்தும் முடியாத செய்திகளை ஒதுக்கும் இடம்) கிடக்கின்றன, லாகில் ஒன்றுமே இல்லை என்கிறீர்கள். அந்த 'ஒன்றுமே இல்லை'தான் துப்பு. உங்கள் கோடு அந்தச் செய்திகளைத் தொடவே இல்லை.

க்யூவிலிருந்து எடுத்துக் கொடுக்கும் போலருக்கு உங்கள் 20 தெரியாது. அது பாட்டுக்கு எடுத்து நீட்டும், லாம்டா இடமில்லை என்று திருப்பிவிடும். விசிபிலிட்டி டைம்அவுட் (எடுத்த செய்தி மறைந்திருக்கும் நேரம்) முடிந்து செய்தி க்யூவுக்குத் திரும்பும்போது ரிசீவ் கவுண்ட் (எத்தனை முறை எடுக்கப்பட்டது என்ற எண்ணிக்கை) ஒன்று ஏறியிருக்கும். அதற்கு நீங்கள் வைத்திருக்கும் வரம்போ 3. மூன்று தடவை வாசலோடு திரும்பினால் கதை முடிந்தது. லாம்டா எத்தனை முறை திருப்பிவிட்டது என்று காட்டும் த்ராட்டில்ஸ் மெட்ரிக்கைப் பாருங்கள், தெரிந்துவிடும்.

க்யூவை லாம்டாவோடு இணைக்கும் ஈவென்ட் சோர்ஸ் மேப்பிங்கில் மேக்ஸிமம் கன்கரன்சி என்று ஒன்று 2023 ஜனவரியில் வந்தது. 2 முதல் 1000 வரை வைக்கலாம். அதில் 18 போடுங்கள், போலரே அடங்கி எடுக்கும். விசிபிலிட்டி டைம்அவுட் லாம்டா டைம்அவுட்டைப்போல் 6 மடங்காவது இருக்கட்டும், ரிசீவ் கவுண்ட் வரம்பை 5 ஆக்குங்கள்.

ஏடபிள்யூஎஸ் கணக்கின் மொத்த கன்கரன்சி வரம்பான 1000-ஐ உயர்த்தக் கேட்கலாமா என்றீர்களே, வேண்டாம். லாம்டாவுக்குப் பின்னால் இருப்பது போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ். அதன் இயல்பான இணைப்பு வரம்பே 100. அடைப்பு அங்கே நகரும், அவ்வளவுதான்.

அப்புறம், ரீட்ரைவ் செய்யும் முன் (டெட் லெட்டர் க்யூவில் கிடப்பதைத் திருப்பி அனுப்பும் முன்), டேட்டாபேஸில் எழுதும் இன்சர்ட்டில் 'ஆன் கான்ஃப்ளிக்ட்' (ஏற்கெனவே இருக்கும் பதிவு மீண்டும் வந்தால் என்ன செய்வது என்ற விதி) இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். ஒரே செய்தி இரண்டு முறை வரக்கூடும்.