ஆய்வகம் வேண்டாம், மஞ்சள்தூள் போதும்

கேள்வி: குடியாத்தம் பக்கம் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி எங்களுடையது. 60 பிள்ளைகள். பிப்ரவரி 28, அறிவியல் நாளன்று பிள்ளைகளே சோதனை செய்ய வேண்டும் என்று ஆசை. தலைக்கு 150 ரூபாய் கொடுத்தால் எல்லாவற்றையும் தானே நடத்தித் தருவதாக ஒருவர் சொல்கிறார். ஆய்வகம் இல்லையே, ஒப்புக்கொள்ளலாமா?
- தலைமை ஆசிரியை

பதில்: வேண்டாம் டீச்சர். 9,000 ரூபாயை வாங்கிக்கொண்டு அவர் உலர்பனிப் புகை விடுவார், பிள்ளைகள் கைதட்டுவார்கள். ஒருவர் கையும் எதையும் தொட்டிருக்காது. கூடவே 'சான்றிதழ் இலவசம்' என்பார். கடையில் வாங்கி வரும் தெர்மாக்கோல் எரிமலையும் இதே ரகம்தான்.

மரத்தடியில் ஐந்து இடம், இடத்துக்கு 12 பிள்ளைகள். 20 நிமிடத்துக்கு ஒருமுறை மாறட்டும். ஒரு ரூபாய் நாணயத்தின் மேல் எத்தனை சொட்டுத் தண்ணீர் நிற்கும் என்று முதலில் ஊகிக்கச் சொல்லுங்கள். ஐந்து, பத்து என்பார்கள். இருபதைத் தாண்டும்போது முகங்களைப் பாருங்கள். உப்புத் தண்ணீரில் மிதக்கச் சத்துணவுக் கூடத்தில் ஒரு முட்டை கேட்டு வாங்குங்கள். அப்புறம் காந்தம், நிழல் குச்சி.

ஐந்தாவது, மஞ்சள் தாள். மஞ்சள்தூளைக் குழைத்து வெள்ளைத் தாளில் பூசி முதல் நாளே காயவையுங்கள். சோப்புத் தண்ணீர் பட்டால் சிவக்கும், எலுமிச்சைச் சாறு பட்டால் திரும்பவும் மஞ்சளாகும். குங்குமம் சிவப்பதும் இப்படித்தான் என்று யாராவது வெற்றிலைச் சுண்ணாம்பை நீட்டுவார்கள். வாங்காதீர்கள். சமையலறைச் சாமான் எதற்கும் நான் தடை சொல்லமாட்டேன், சுண்ணாம்பு ஒன்றுக்குத்தான். விரலில் ஒட்டியது கண்ணுக்குப் போனால் கருவிழியை அரித்துவிடும். பாக்கெட் சுண்ணாம்பு இன்னும் மோசம், அழுத்தினால் நேராகக் கண்ணில் பீய்ச்சும். ஆசிரியரே செய்து காட்டுகிறேன் என்றாலும் வேண்டாம். தப்பித்தவறிப் பட்டுவிட்டால் தேய்க்காமல் 20 நிமிடமாவது ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு, உடனே கண் மருத்துவரிடம் போங்கள்.

பள்ளிக்கே வந்து அறிவியல் சோதனை செய்ய வைக்கும் அரசின் வானவில் மன்றத் திட்டம் 6 முதல் 8 வகுப்பு வரைதான். ஐந்தாம் வகுப்பு வரை கேள்வியே வராது என்று நினைத்தார்களோ என்னவோ! 'படம் எடுத்து ஏற்றுங்கள்' என்ற உத்தரவு மட்டும் முதல் நாள் சாயங்காலம் தவறாமல் வரும். சரி, கடைசிச் சுற்றில் இரண்டு படம் எடுங்கள், போதும். அதற்காகப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தாதீர்கள்.

மிச்சமான மஞ்சள் தாளை ஆளுக்கொரு துண்டாகக் கொடுத்தனுப்புங்கள். புளித்தண்ணீர், சாம்பல் தண்ணீர், மோர் என்று வீட்டில் எதை எதைத் தொட்டுப் பார்த்தார்கள், எது சிவந்தது என்று மறுநாள் காலை வந்து சொல்லட்டும்.