மூடியில் திருகு இல்லாத பாட்டுப் பொம்மை

கேள்வி: என் மகளுக்கு ஒரு வயது எட்டு மாதம். பிறந்தநாளுக்கு வந்த கள்ளிச்செடிப் பொம்மை ஒன்று இருக்கிறது. ஆடும், பாடும், நாம் பேசுவதைத் திருப்பிச் சொல்லும். முதல் நாள் அதைப் பார்த்து வீறிட்டு அழுதாள். இப்போது அதைக் கட்டிக்கொண்டுதான் தூங்குகிறாள். சில நாள் நடுராத்திரியில் தானாகவே பாடுகிறது. பேட்டரி மாற்றும்போது மூடியின் திருகு எங்கேயோ விழுந்துவிட்டது, செல்லோடேப் ஒட்டி வைத்திருக்கிறோம். கூடவே விளக்கு எரியும் குட்டி மோதிரங்கள் இரண்டும் வந்தன. இதையெல்லாம் கொடுக்கலாமா?

பதில்: முதலில் மோதிரங்களை எடுத்துக் குழந்தை கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். மீதியை அப்புறம் படிக்கலாம்.

நீங்கள் பெரிய பொம்மையைப் பற்றித்தான் கவலைப்படுகிறீர்கள். எனக்குப் பயம் அந்த மோதிரங்களைப் பார்த்துத்தான். உள்ளே இருப்பவை சட்டைப் பொத்தானைவிடச் சின்ன பட்டன் பேட்டரிகள். பெரும்பாலும் இந்த மோதிரங்களுக்குத் திருகு போட்ட மூடியே கிடையாது, இரண்டு தடவை கடித்தால் வெளியே வந்துவிடும். இதைவிட ஆபத்தானது 20 மில்லிமீட்டர் அகலமுள்ள, நாணயம் மாதிரியான சிஆர்2032 பேட்டரி. சின்னது வயிற்றுக்குள் இறங்கிவிடலாம். பெரியது குழந்தையின் உணவுக்குழாயிலேயே சிக்கி நின்றுவிடலாம்.

சிக்கினால் என்ன ஆகும்? உள்ளே இருக்கும் ரசாயனம் ஒழுகித்தான் புண்ணாகிறது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. ஈரமான சதையைத் தொட்டதும் பேட்டரியிலிருந்து மின்சாரம் பாய ஆரம்பிக்கிறது. மைனஸ் முனைப் பக்கம் கடுமையான காரம் (மிளகாய்க் காரம் அல்ல, அமிலத்துக்கு எதிரான ரசாயனம்) உருவாகி, அது சதையை அரிக்கிறது. பொம்மைகளைச் சோதிக்கும் வேலையில் இருப்பதால், ஈரமான கோழி இறைச்சித் துண்டின்மேல் இந்தப் பேட்டரியை வைத்துப் பார்த்திருக்கிறேன். கொஞ்ச நேரத்தில் ஓரத்தில் நுரை கட்டும், பிறகு அந்த இடம் வட்டமாகக் கறுத்துப்போகும். குழந்தையின் தொண்டையில் 2 மணி நேரத்துக்குள்ளேயே கடுமையான காயம் ஆகிவிடலாம். 'தீர்ந்துபோன' பேட்டரியிலும் இதற்குப் போதுமான மின்சாரம் மிச்சமிருக்கும். ஆகவே பழசைக் குப்பைக்கூடையில் அப்படியே போடாதீர்கள், இரு பக்கமும் டேப் சுற்றி எடுத்துப் போடுங்கள்.

விழுங்கியிருக்கலாம் என்று சந்தேகம் வந்தாலே நேராக மருத்துவமனைக்குப் போக வேண்டும், எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால்தான் தெரியும். ஜொள்ளு வடிவது, இருமல், சாப்பாட்டை மறுப்பது இவையெல்லாம் அறிகுறிகள்தான். ஆனால் ஒன்றுமே தெரியாமலும் இருக்கலாம். வாந்தி எடுக்க வைக்காதீர்கள், சாப்பிடவோ குடிக்கவோ எதுவும் கொடுக்காதீர்கள். இதற்கு ஒரே விலக்கு தேன்: ஒரு வயது தாண்டிய குழந்தை, விழுங்கி 12 மணி நேரத்துக்குள் என்றால், போகும் வழியில் 10 நிமிடத்துக்கு ஒருமுறை 2 தேக்கரண்டி தேன் தரலாம், அதிகபட்சம் 6 முறை. வீட்டில் தேன் இல்லையா, தேடிக்கொண்டு நிற்காதீர்கள், கிளம்புங்கள். மூக்கிலோ காதிலோ போட்டுக்கொண்டாலும் இதே அவசரம்தான்.

சரி, கள்ளிச்செடிக்கு வருவோம். அதில் பென்சில் பேட்டரி இருந்தால் விழுங்குவது கடினம். ஆனாலும் மூன்று வயதுக்குள் உள்ள குழந்தையின் பொம்மையில் பேட்டரி மூடி, கருவி இல்லாமல் திறக்கவே கூடாது. செல்லோடேப்பைக் குழந்தையின் நகம் ஓர் இரவில் உரித்துவிடும். அதே அளவுத் திருகு வாங்கிப் போடுங்கள். பிளாஸ்டிக் ஓட்டை தேய்ந்து திருகு சும்மா சுற்றினால், கொஞ்சம் தடிமனான திருகு பிடித்துக்கொள்ளும். அதுவரை பேட்டரியைக் கழற்றிவிட்டு வெறும் பஞ்சுப் பொம்மையாகக் கொடுங்கள். கட்டிக்கொண்டு தூங்க அது போதுமே! அடுத்து வாங்கும்போது ஒன்று கவனியுங்கள்: நல்ல பொம்மைகளில் மூடியைத் திறந்தாலும் திருகு மூடியோடு ஒட்டிக்கொண்டே நிற்கும், கீழே விழாது.

நடுராத்திரிக் கச்சேரிக்குப் பேய் காரணமில்லை. சத்தத்தைக் கேட்டு விழித்துக்கொள்ளும் மைக் உள்ளே இருக்கிறது, ஓர் இருமல் போதும். பேட்டரி இறங்கும்போது உள்ளே இருக்கும் சில்லு (சிப்) தடுமாறித் தானாகத் தொடங்குவதும் உண்டு, அப்போது குரல் இழுத்து இழுத்து வரும். ராத்திரி சுவிட்சை அணையுங்கள், அல்லது பேட்டரியை எடுத்துவிடுங்கள்.

சத்தம்தான் எனக்கு இன்னொரு மனக்குறை. பொம்மையைக் கையை நீட்டிப் பிடித்துக் கேட்டுவிட்டு 'பரவாயில்லை' என்கிறோம். குழந்தையோ காதோடு ஒட்டி வைத்துக்கொள்கிறது. தூரம் பாதியாகும்போதெல்லாம் ஒலி சுமார் 6 டெசிபல் கூடும். உங்கள் காதில் ஒட்டிவைத்துக் கேளுங்கள், முகம் சுளித்தால் ஸ்பீக்கர் ஓட்டைகள்மேல் இரண்டு அடுக்கு டேப் ஒட்டுங்கள். (டேப்புக்கு ஏற்ற இடம் இதுதான், பேட்டரி மூடி அல்ல.) எல்லாப் பாட்டையும் ஒருதடவை முழுசாகக் கேட்டுவிடுங்கள். 2021-ல் கனடாவில் ஒரு பாட்டி, பேத்திக்கு வாங்கிய இதே மாதிரிக் கள்ளிச்செடி போலிஷ் மொழியில் போதைப்பொருளைப் பற்றிப் பாடுவதைக் கண்டுபிடித்தார். அவருக்கு அந்த மொழி தெரிந்திருந்ததால்தான் குட்டு வெளிப்பட்டது.

முதல் நாள் அழுதது இயல்புதான். பஞ்சு என்று நினைத்தது திடீரென்று நெளிந்து, அவள் குரலிலேயே கத்தினால் பயம் வராதா? இனி எந்தப் பொம்மை வந்தாலும் முதலில் சுவிட்சை அணைத்து வைத்தே கொடுங்கள், பழகின பிறகு அவள் விரலாலேயே சுவிட்சை அழுத்தட்டும். பேச்சு வளர இது உதவும் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள். 10 முதல் 16 மாதக் குழந்தைகளையும் பெற்றோரையும் வைத்து அமெரிக்காவில் ஓர் ஆய்வு நடந்தது. மொத்தம் 26 ஜோடிகள்தான், சின்ன ஆய்வு. 2016-ல் வெளியான அதில், மின்னணுப் பொம்மை பேசும்போது பெற்றோர் பேசுவது குறைந்திருந்தது. புத்தகம் கையில் இருந்தபோதுதான் அதிகம் பேசினார்கள்.

பேட்டரி மாற்றும்போது எல்லாவற்றையும் சேர்த்தே மாற்றுங்கள். பழசும் புதுசும் கலந்தால் வலுவிழந்தது கசியும். உள்ளே வெள்ளைப் பொடி படிந்திருந்தால் குழந்தையைத் தள்ளி வைத்துவிட்டு, பேட்டரிகளை எடுத்தபின் பஞ்சுக்குச்சியில் துளி வினிகர் தொட்டுத் துடையுங்கள். கையில் பட்டால் தண்ணீரில் நன்றாகக் கழுவுங்கள்.

அப்புறம், தொலைந்த அந்தப் பழைய திருகு இன்னும் வீட்டில்தான் எங்கேயோ கிடக்கிறது. கட்டிலுக்கு அடியில் டார்ச் அடித்துத் தேடுங்கள். தரையில் கிடப்பது உங்களுக்கு முன்னால் அவள் கண்ணில்தான் படும்.