18.2 கிலோஹெர்ட்ஸைப் பூஜ்யத்துக்கு இறக்குவது: கேள்வி பதில்

கம்பிச் சுருள் ஆன்டெனாவைச் சவுண்ட் கார்டில் இணைத்து, மிகத் தாழ் அதிர்வெண் அலைகளைக் கணினியில் பிரித்தெடுப்பது பற்றிப் பெங்களூரு நண்பர்கள் கேட்டவை (பெயருக்குப் பதில் அவரவர் பகுதியைப் போட்டிருக்கிறேன்). பதிலுக்கு முன் ஒரு வேண்டுகோள்: மடிக்கணினியின் சார்ஜரைக் கழற்றிவிட்டு பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். பாதிக் கேள்விகள் அங்கேயே தீர்ந்துவிடும்.

அல்சூர்: விஜயநாராயணம் கடற்படை நிலையத்தின் 18.2 கிலோஹெர்ட்ஸ் அலை திரையில் கோடாகத் தெரிகிறது. அதை மட்டும் எப்படிப் பிரிப்பது?

திருநெல்வேலிச் சீமையில் நீர்மூழ்கிகளுக்குச் செய்தி அனுப்ப 1990 முதல் இயங்கும் ஐ.என்.எஸ். கட்டபொம்மன் நிலையத்தைச் சொல்கிறீர்கள். சவுண்ட் கார்டு நொடிக்கு 48,000 முறை அலையை அளந்து மாதிரிகள் எடுத்தால், அதில் பாதியான 24 கிலோஹெர்ட்ஸ் வரை உங்கள் எல்லை, 18.2 அதற்குள் அடங்கும். வந்த மாதிரிகளை 18.2 கிலோஹெர்ட்ஸ் கொசைன் அலையால் ஒருமுறையும், சைன் அலையால் ஒருமுறையும் பெருக்கி, இரண்டு ஓட்டங்களாக வைத்துக்கொள்ளுங்கள். 18.2-இல் இருந்த நிலையம் பூஜ்யம் ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும்.

கொசைன் மட்டும் போதாது. 18.1, 18.3 இரண்டுமே 100 ஹெர்ட்ஸாக வந்து ஒன்றின் மேல் ஒன்று விழும். எது மேலிருந்து வந்தது, எது கீழிருந்து வந்தது என்று சொல்ல சைன் ஓட்டமும் வேண்டும்.

அடுத்து, பூஜ்யத்தின் இருபுறமும் 150 ஹெர்ட்ஸ் மட்டும் விடும் தாழ்நிலை வடிகட்டி. அதன் பிறகே 96 மாதிரிக்கு ஒன்றை எடுத்து, நொடிக்கு 500 ஆகக் குறைக்க வேண்டும். இந்த வரிசையை மாற்றாதீர்கள். ஆஸ்திரேலியாவின் வடமேற்கு முனை நிலையம் 19.8-இல் ஒலிபரப்புகிறது, இறக்கிய பின் அது 1,600 ஹெர்ட்ஸில் நிற்கும். வடிகட்டாமல் குறைத்தால் அது மடிந்து, அதாவது போலியாகத் தாழ்ந்த அதிர்வெண்ணாகி, சரியாக 100 ஹெர்ட்ஸில், உங்கள் நிலையத்தின் மடியிலேயே உட்காரும். பிறகு எந்த வடிகட்டியாலும் கிளப்ப முடியாது.

ஜெயநகர்: கணினியில் செருகும் மலிவான தொலைக்காட்சி டாங்கிள் வாங்கினால் இதைச் செய்யலாமா?

அதன் ட்யூனர் ஏறத்தாழ 24 மெகாஹெர்ட்ஸில்தான் தொடங்குகிறது. சவுண்ட் கார்டே போதும்.

ராமமூர்த்தி நகர்: திரை முழுக்கச் சம இடைவெளியில் கோடுகள். வடிகட்டி தவறா?

இடைவெளி 50 அல்லது 100 ஹெர்ட்ஸா? அது வீட்டு மின்சாரம். சார்ஜரைக் கழற்றினீர்களா? எல்.இ.டி. விளக்குகளையும் அணையுங்கள். மின்வெட்டு நேரத்தில் கேட்டால் போயிற்று என்று நினைக்க வேண்டாம், அடுக்ககத்து யு.பி.எஸ்.கள் எல்லாம் ஒன்றாகக் கத்தத் தொடங்கும்.

எலகங்கா: 18 கிலோஹெர்ட்ஸ் கேட்க உட்கார்ந்தால் கன்னடச் செய்தி கேட்கிறது!

ஆகாசவாணியின் 612 கிலோஹெர்ட்ஸ் மத்திய அலை உங்கள் பக்கத்து வீடு. அவ்வளவு வலுவான அலை புகுந்தால் சுருளுக்கும் கார்டுக்கும் நடுவே இருக்கும் முன்பெருக்கியின் டிரான்சிஸ்டரே அதைப் பிரித்துச் செவிக்கு எட்டும் ஒலியாக்கிவிடும். பெருக்கிக்கு முன்னால் 1 கிலோஓம் மின்தடை, 3.3 நானோஃபாரட் மின்தேக்கி வையுங்கள். ஏறத்தாழ 48 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் தணியத் தொடங்கும். 612-இல் ஏறத்தாழ பதின்மூன்றில் ஒரு பங்குதான் மிஞ்சும்.

இந்திராநகர்: மறுக்கிறேன். நல்ல சவுண்ட் கார்டில் மடிப்பைத் தடுக்கும் வடிகட்டி உள்ளேயே உண்டு. 24 பிட்டுக்கு 144 டெசிபல் வீச்சு, மெல்லிய அலையும் வலுத்த அலையும் ஒன்றாக அடங்கும். மின்தடையும் மின்தேக்கியும் தாத்தா காலத்து வைத்தியம்.

மடிப்பு பற்றிச் சொன்னது சரி. ஆனால் கார்டின் வடிகட்டி இருப்பது பெருக்கிக்குப் பின்னால். எலகங்காக்காரரின் செய்தி பெருக்கியிலேயே ஒலியாகிவிட்டது. கார்டுக்கு வரும்போது அது நியாயமான ஒலி அலை. எதைப் பார்த்து அதைத் தடுக்கும்? 144 என்பது காகிதக் கணக்கு. நடைமுறையில் 110 கிடைத்தாலே நல்ல கார்டு.

இந்திராநகர் மீண்டும்: செய்தி விழுவது சில கிலோஹெர்ட்ஸுக்குள். நமக்கு வேண்டியது 18.2. மென்பொருளில் வெட்டிவிடலாமே?

செய்தியை வெட்டலாம், ஒப்புக்கொள்கிறேன். பெருக்கி உச்சத்தில் முட்டிய கணங்களை? அங்கே 18.2-இன் தகவலே பதிவாகவில்லை. பதிவாகாததை எந்தச் சூத்திரம் மீட்கும்? 50 ஹெர்ட்ஸ் இரைச்சலும் இதே வேலையைச் செய்யும் என்பதால்தான் சார்ஜர், சார்ஜர் என்று கரடியாகக் கத்துகிறேன். மறுக்க விரும்பினால் மின்தடை இல்லாமல் ஒரு பதிவு, சேர்த்து ஒரு பதிவு எடுத்து அனுப்புங்கள். பார்த்துவிட்டுப் பேசலாம்.

ராஜாஜிநகர்: நீர்மூழ்கிகளுக்குப் போகும் செய்தியைப் படிக்க முடியுமா?

மறைகுறியாக்கப்பட்டது. முடியாது; முடிந்தாலும் உதவ மாட்டேன். அலையின் வலுவைப் பாருங்கள், அதுவே போதிய வேடிக்கை. சூரியனில் பெருஞ்சுடர் வெடித்தால் எக்ஸ் கதிர்கள் அயனி மண்டலத்தின் கீழ்ப்படலத்தை மாற்றும். பகலில் உங்கள் கோடு திடீரென ஏறியோ இறங்கியோ, பிறகு மெல்லத் திரும்பும்.

பிரேசர் டவுன்: ஜெர்மனியின் 77.5 கிலோஹெர்ட்ஸ் நேர அலை?

192 ஆயிரம் மாதிரி எடுக்கும் கார்டு வேண்டும். தொலைவையும் யோசியுங்கள்.

சிவாஜிநகர்: டாங்கிளில் செய்யலாமா?

ஜெயநகருக்குச் சொன்னதேதான்.

கே.ஆர்.புரம்: என் திரையிலும் கோடுகள்...

சார்ஜர்.

அல்சூர் மீண்டும்: சுருளுக்கு எனாமல் கம்பி எங்கே கிடைக்கும்?

எஸ்.பி. ரோடு. மோட்டார் சுற்றும் கடைகளில் எடைக்குத் தருவார்கள்.