தலைமைப் பயிற்சியாளர் துணைப் பயிற்சியாளராகப் போகலாமா?

கேள்வி: தேவிபட்டினம் பக்கம் ஒரு மேல்நிலைப் பள்ளியில் கூடைப்பந்து அணிக்குத் தலைமைப் பயிற்சியாளராக இருக்கிறேன். இரண்டு வருடமாக மாவட்டப் போட்டியைத் தாண்ட முடியவில்லை. பெரும்பாலான ஆட்டங்களில் மூன்றாவது குவார்ட்டர் வரை நாங்கள்தான் முன்னிலை. கடைசியில் கோட்டை விட்டுவிடுகிறோம். திறந்தவெளி சிமெண்ட் தரை, கச்சான் காற்று, உப்பில் துருப்பிடித்த வளையம், மீன்பிடித் தடைக்காலம் வந்தால் ஷூ வாங்க வழியில்லாத வீடுகள் என்று இங்குள்ள கஷ்டம் உங்களுக்குத் தெரியும். இப்போது கோயம்புத்தூரில் ஒரு கல்லூரி அணிக்குத் துணைப் பயிற்சியாளராகக் கூப்பிடுகிறார்கள். ‘சொந்த வள்ளம் வச்சிருந்தவன் அடுத்தவன் வள்ளத்துக்குக் கூலிக்குப் போறான்’ என்று ஊரில் பேச்சு. நண்பர் ஒருவர், ‘அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்துப் பயிற்சியாளர் மைக் ஷஷெவ்ஸ்கி மாதிரி பொறுத்திரு’ என்கிறார். போகலாமா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: போங்கள்.

காற்றும் தரையும்தான் உங்களைத் தோற்கடிக்கின்றன என்றால் முதல் குவார்ட்டரிலேயே பின்தங்கியிருப்பீர்கள். மூன்று குவார்ட்டர் முன்னிலையில் இருக்கிற பையன்களுக்கு ஆடத் தெரிந்திருக்கிறது. துருப்பிடித்த வளையத்தில் அதைச் சொல்லிக் கொடுத்தவர் நீங்கள்; அந்தப் பெருமை முழுக்க உங்களுக்குத்தான். கடைசிப் பத்து நிமிடம் வேறு வேலை. உங்கள் முக்கிய ஆட்டக்காரன் நான்கு ஃபவுலோடு நிற்கிறான், ஐந்தாவது வாங்கினால் வெளியே. அவனை எப்போது உட்கார வைப்பது, எப்போது திரும்ப இறக்குவது? ஒரு குவார்ட்டரில் அணியின் ஃபவுல் நான்கைத் தாண்டிவிட்டால் அதற்கப்புறம் தடுப்பதில் செய்யும் ஒவ்வொரு ஃபவுலுக்கும் எதிரணிக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ. அப்போது தடுப்பாட்டத்தை எப்படி மாற்றுவது? இரண்டாம் பாதிக்கு மூன்று டைம் அவுட்தான், அதிலும் கடைசி இரண்டு நிமிடத்தில் இரண்டுக்கு மேல் கிடையாது. எதை எப்போது எடுப்பது? பன்னிரண்டு பேர் இருக்க ஐந்து பேரையே ஓடவிட்டால் முப்பதாவது நிமிடத்தில் கால் ஓயத்தான் செய்யும். இதெல்லாம் பெஞ்சில் முடிவாகிற விஷயம். அங்கே இருந்தவர் நீங்கள்.

குற்றம் சொல்வதற்காக இதை எழுதவில்லை. இந்த வேலையை உங்களுக்கு யார் கற்றுக் கொடுத்தார்கள்? நம் பக்கத்தில் நன்றாக ஆடியவரை நேரே அணித் தலைமையில் உட்கார வைத்துவிடுகிறோம். பாட்டியாலா தேசிய விளையாட்டு நிறுவனத்தில் பயிற்சியாளர் டிப்ளமோ முடித்து வந்தவருக்கும், நெருக்கடியான ஆட்டத்தில் ஒரு மூத்தவர் பக்கத்தில் உட்கார்ந்து அவர் எடுக்கும் முடிவுகளைப் பார்க்கிற படிப்பு தனியாகத் தேவை. கபடிக்கும் வாலிபாலுக்கும் அப்படிப்பட்ட மூத்தவர்கள் இந்தக் கடற்கரையில் கிடைப்பார்கள். கூடைப்பந்துக்கு வெளியே போய்த்தான் தேட வேண்டும். கோயம்புத்தூர் கூப்பிடுவது அதற்கான வழி.

பதவி இறங்குகிறோமே என்ற வருத்தம் இருக்கும். மைக் பிரவுன் கதையைக் கேளுங்கள். அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான என்பிஏவில் கிளீவ்லேண்ட் அணியை 2007-இல் இறுதிச் சுற்றுக்குக் கொண்டுபோனவர். 2009-இல் ஆண்டின் சிறந்த பயிற்சியாளர். அடுத்த வருடம் அதே அணி அவரை அனுப்பியது. லேக்கர்ஸ் அணி 2012 சீசனில் ஐந்தே ஆட்டத்தில் நீக்கியது. மறுபடி கிளீவ்லேண்ட் கூப்பிட்டது. ஒரே சீசன், மறுபடி நீக்கம். அப்படிப்பட்டவர் 2016-இல் கோல்டன் ஸ்டேட் அணியில் ஸ்டீவ் கெர்ருக்குத் துணையாகப் போனார். 2017 பிளேஆஃப் (சீசன் முடிவில் பட்டத்துக்காக நடக்கும் சுற்றுகள்) நடுவில் கெர் முதுகுவலியால் விலகியிருந்தபோது அணியை நடத்தியவர் இவர்தான். அப்போது ஒரு ஆட்டம்கூடத் தோற்கவில்லை. ஆறு வருடம் துணையாக இருந்துவிட்டு 2022-இல் சாக்ரமெண்டோவுக்குத் தலைமை ஏற்றார். பதினாறு சீசன் பிளேஆஃப் பக்கமே போகாத அணி அது. முதல் வருடமே கொண்டுபோனார், மறுபடியும் சிறந்த பயிற்சியாளர் ஆனார். 2024 டிசம்பரில் அந்த அணியும் அவரை நீக்கியது என்பதையும் சொல்லிவிடுகிறேன். இந்தத் தொழிலில் நிரந்தர நாற்காலி எங்கேயும் இல்லை. ஊர்ப் பேச்சுக்குப் பயந்து நீங்கள் காப்பாற்ற நினைக்கும் நாற்காலியும் அப்படித்தான்.

கென்னி அட்கின்சனும் என்பிஏவின் புரூக்ளின் அணித் தலைமைப் பொறுப்பை 2020-இல் விட்டுவிட்டு நான்கு சீசன் துணையாக இருந்தார். 2024-இல் கிளீவ்லேண்டுக்குத் தலைமை ஏற்று முதல் சீசனிலேயே 64 வெற்றி. துணைக்குப் போன எல்லோரும் இப்படித் திரும்பி வந்துவிடவில்லை. வந்தவர்கள் போன இடத்தில் ஏதோ ஒன்றைக் கற்றுக்கொண்டு வந்தார்கள்.

உங்கள் நண்பர் சொல்லும் ஷஷெவ்ஸ்கிக்கு வருவோம். டியூக் பல்கலைக்கழகத்தில் முதல் மூன்று சீசனில் 38 வெற்றி, 47 தோல்வி. பலர் அவரை நீக்கச் சொன்னார்கள். விளையாட்டு இயக்குநர் டாம் பட்டர்ஸ் 1984-இல் ஒப்பந்தத்தை நீட்டித்தார். பின்னால் ஐந்து தேசியப் பட்டங்கள் வந்தன. உங்கள் பள்ளியில் அப்படி ஒருவர் உங்கள் பின்னால் நிற்கிறாரா? நின்றால் அதை யோசிக்க வேண்டியதுதான். ஆனால் நண்பர் விட்டுவிட்ட ஒன்று இருக்கிறது. கல்லூரி அணி எதற்கும் தலைமை ஏற்கும் முன்பே, 1974-75 சீசனில், ஷஷெவ்ஸ்கி இண்டியானா பல்கலைக்கழகத்தில் தலைமைப் பயிற்சியாளர் பாப் நைட்டுக்குத் துணையாக இருந்துவிட்டு வந்தவர். உங்களுக்குக் கிடைக்காமல் போன அந்த ஒரு வருடம்தான் இப்போது தேடி வருகிறது.

வள்ளம் பேச்சுக்கு நீங்கள் பதில் சொல்லவே வேண்டாம். அப்படிப் பேசுகிறவர்களில் எத்தனை பேர் உங்கள் பையன்கள் ஆடுவதைப் பார்க்க வந்தார்கள்?

சேருவதற்கு முன் கோயம்புத்தூர் தலைமைப் பயிற்சியாளரை நேரில் பாருங்கள். நிர்வாகத்திடம் மட்டும் பேசி முடித்துவிடாதீர்கள். எதிரணியின் வீடியோவைப் பார்த்துக் குறிப்பெடுக்கிற வேலை எனக்கா? தடுப்பாட்டப் பயிற்சியை என் பொறுப்பில் விடுவீர்களா? ஆட்டம் நடக்கும்போது நான் சொல்வதைக் கேட்பீர்களா? இவற்றுக்குத் தெளிவான பதில் வேண்டும். பந்துப் பையைத் தூக்கவும் ரயில் டிக்கெட் போடவும்தான் ஆள் தேடுகிறார்கள் என்றால் போகாதீர்கள், நான் மேலே எழுதியது எதுவும் அந்த வேலைக்குப் பொருந்தாது. சம்பளத்தை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

சர்வதேசக் கூடைப்பந்துக் கூட்டமைப்பான ஃபீபாவின் விதிப்படி தலைமைப் பயிற்சியாளர், முதல் துணைப் பயிற்சியாளர் இருவரில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் எழுந்து நிற்கலாம். ஆகவே நீங்கள் பெரும்பாலும் உட்கார்ந்திருப்பீர்கள். அது நல்லது. நடுவரிடம் பேசாமல், கத்தாமல், களத்தில் பத்து பேரும் என்ன செய்கிறார்கள் என்று பார்க்க இதுவரை உங்களுக்கு வாய்ப்பே இருந்திருக்காது. கருத்து வேறுபாடு வந்தால் அறைக்குள் சொல்லுங்கள், ஆட்டக்காரர்கள் காதில் விழக் கூடாது.

எனக்குக் கவலை உங்கள் பையன்களைப் பற்றித்தான். இந்தக் கரையில் ஒரு பயிற்சியாளர் கிளம்பினால் பல நேரம் அணியே கலைந்துவிடும். கல்வியாண்டு முடியும்வரை இருங்கள். போகிற செய்தியை அடுத்தவர் சொல்லி அவர்கள் தெரிந்துகொள்ள விடாதீர்கள், நீங்களே சொல்லுங்கள். உடற்கல்வி ஆசிரியரை இப்போதிலிருந்தே மாலைப் பயிற்சியில் கூட வைத்துக்கொள்ளுங்கள். தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. அதற்குள் கல்லூரி விடுமுறையும் வரும். விசைப்படகுக்குப் போகிற அண்ணன்மாரும் அப்போது கரையில் இருப்பார்கள். அந்த விடுமுறையில் ஊருக்கு வந்து ஒரு முகாம் நடத்த அனுமதி வேண்டும் என்று பள்ளி நிர்வாகத்திடம் இப்போதே கேளுங்கள். அதுவரை மைதானச் சாவியும் பந்துகளும் யார் பொறுப்பில் இருக்கும் என்பதையும் முடிவு செய்துவிட்டுக் கிளம்புங்கள்.