துண்டைப் பற்றி என்னதான் எழுதுவது?

கேள்வி: ஈரோடு பக்கத்தில் நாங்கள் விசைத்தறி வைத்து ஈரிழைத் துண்டு நெய்கிறோம். இதுவரை மொத்த வியாபாரிகளுக்குத்தான் கொடுத்துவந்தோம். இப்போது வாட்ஸ்அப்பிலும் இன்ஸ்டாகிராமிலும் நேரடியாக விற்கப் பார்க்கிறேன். ‘உயர்தர ஈரிழைத் துண்டு, 100 சதவீதம் பருத்தி, நியாயமான விலை, வாங்கிப் பயன்பெறுவீர்’ என்று போடுகிறேன். லைக் வருகிறது, ஆர்டர் வருவதில்லை. பட்டுப்புடவை, நகை என்றால் எழுத நிறைய இருக்கும். துண்டு துண்டுதானே, அதில் எழுத என்ன இருக்கிறது? ‘கைத்தறி’ என்று சேர்த்தால் உடனே விற்கும் என்கிறார் என் கணவர். பலரும் அப்படிப் போடுகிறார்களாம். நாங்களும் போடலாமா?
– ஒரு வாசகி, ஈரோடு மாவட்டம்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

கைத்தறி விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். போடக் கூடாது. உங்கள் மாவட்டத்திலேயே சென்னிமலையில் கையால் நெய்து பிழைக்கும் குடும்பங்கள் இருக்கின்றன. அந்தச் சொல் அவர்களுடைய உழைப்புக்குக் கிடைக்கும் விலை. அசல் கைத்தறியை வாங்குபவர் அடையாளம் காணத்தான் 2006-லேயே அரசு ‘கைத்தறி முத்திரை’ கொண்டுவந்தது. அப்புறம் சட்டமும் இருக்கிறது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, தவறான தகவல் தரும் விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். உங்கள் கணவரிடம் இதைச் சொல்லுங்கள். அந்தப் பொய் உங்களுக்குத் தேவையும் இல்லை, ஏனென்றால் உங்கள் துண்டைப் பற்றிய உண்மையையே நீங்கள் இன்னும் எழுதவில்லை.

உங்கள் வரியை ஒரு முறை படித்துப் பாருங்கள். ‘உயர்தர’, ‘நியாயமான விலை’, ‘வாங்கிப் பயன்பெறுவீர்’ மூன்றையும் ஒரு பிளாஸ்டிக் வாளிக்கு மேல் ஒட்டினாலும் பொருந்தும். ஈரிழை, பருத்தி என்ற இரண்டு மட்டும்தான் துண்டைப் பற்றிப் பேசுகின்றன. அவற்றையும் பாதியில் விட்டுவிட்டீர்கள். ஈரிழை என்றால் என்ன, அதனால் எனக்கு என்ன என்று பெங்களூரில் ஃபிளாட்டில் இருக்கும் பெண்ணுக்கு எப்படித் தெரியும்?

துண்டு துண்டுதான் என்று உங்களுக்குத் தோன்றுவது இயல்பு. நீளவாக்கில் ஓடும் பாவு நூலுக்குக் கஞ்சி போடுவதும், குறுக்கே ஓடும் நூலைத் தாராகச் சுற்றுவதும், அறுந்த இழையை முடிவதும் நீங்கள் தினமும் பார்க்கும் வேலை. வாங்குபவரோ தறியையே பார்த்திருக்க மாட்டார். கிளாட் ஹாப்கின்ஸ் என்று ஓர் அமெரிக்க விளம்பர எழுத்தாளர் இருந்தார். ஷ்லிட்ஸ் என்ற பீர் நிறுவனத்துக்கு விளம்பரம் எழுதும் வேலை வந்தபோது, அவர் நேரே ஆலைக்குப் போனார். அங்கே பாட்டில்களை இயந்திரம் நான்கு முறை கழுவியது, தண்ணீர் ஆழமான கிணறுகளிலிருந்து வந்தது. ‘இதையெல்லாம் ஏன் மக்களிடம் சொல்வதில்லை?’ என்று கேட்டிருக்கிறார். எல்லா ஆலையிலும் இப்படித்தானே செய்கிறார்கள் என்று பதில் வந்தது. ஆனால் ஒருவரும் அதுவரை சொல்லியிருக்கவில்லை. அவர் அதையே எழுதினார், பீர் விற்றது. எல்லாரும் செய்வதுதான் என்று நீங்கள் ஒதுக்கி வைத்திருப்பதில்தான் உங்கள் விளம்பரம் இருக்கிறது.

சரி, எங்கிருந்து ஆரம்பிப்பது? உங்கள் போனிலிருந்து. இதுவரை விசாரித்தவர்கள் அனுப்பிய செய்திகளை எடுத்து வரிசையாகப் படியுங்கள். ‘சாயம் போகுமா?’, ‘சுருங்குமா?’, ‘இடுப்பில் கட்டினால் சுற்றி வருமா?’ என்றுதான் பெரும்பாலும் கேட்டிருப்பார்கள். இந்தக் கேள்விகள் தங்கம். ஒருவர் கேட்டுவிட்டார், கேட்காமலே நகர்ந்துபோனவர்கள் எத்தனையோ பேர். பதிலை முன்கூட்டியே எழுதிவிட்டால் அவர்களும் நிற்பார்கள்.

அடுத்து, உங்கள் துண்டு ஒரு வீட்டுக்குள் போய் என்ன செய்கிறது என்று யோசியுங்கள். டெர்ரி டவலில் மேலெல்லாம் நூல் வளையங்கள் இருக்கும். அது தண்ணீரை நிறையப் பிடிக்கும், ஆனால் கனக்கும், காய நேரமாகும். உங்களுடையது இரண்டு இழைகளைச் சேர்த்து, வளையம் இல்லாமல் தட்டையாக நெய்தது. மெல்லியது, சீக்கிரம் காயும். இந்த வித்தியாசம் யாருக்கு வேண்டும்? தலைக்குக் குளித்துவிட்டு நீளமான முடியைத் துண்டால் சுற்றிக்கொண்டு சமையலறைக்கு ஓடும் பெண்ணுக்கு வேண்டும். ஐப்பசி மழையில் துணி காயப்போட இடமில்லாதவருக்கு வேண்டும். ஹாஸ்டலில் ஒரே கயிற்றை நான்கு பேர் பங்குபோடும் மாணவனுக்கு வேண்டும். பழனிக்கு நடந்து போகிறவர் பைக்குள் கனம் குறைந்தால் சந்தோஷப்படுவார். இவர்களில் ஒருவரை மட்டும் மனதில் வைத்து ஒரு பதிவு எழுதுங்கள். எல்லாரையும் ஒரே பதிவில் கூப்பிட்டால் ஒருவருக்கும் தன்னைக் கூப்பிட்டதாகத் தோன்றாது.

உதாரணத்துக்கு, முதல் பெண்ணுக்கு இப்படி எழுதலாம்:

‘தலைக்குக் குளித்துவிட்டுச் சுற்றிக் கட்டினால் கழுத்து கனக்காது. இரண்டு இழை சேர்த்து நெய்த மெல்லிய பருத்தித் துண்டு. ராத்திரி துவைத்து ஃபேனுக்குக் கீழே போட்டால் காலையில் எடுத்துக்கொள்ளலாம். நீளம் 60 அங்குலம், அகலம் 30. புதிதில் கஞ்சி இருக்கும், இரண்டு மூன்று தடவை துவைத்த பிறகுதான் தண்ணீரை நன்றாக உறிஞ்சும். எங்கள் வீட்டு விசைத்தறியில் நெய்தது.’

இதில் பெருமையடிக்கும் சொல் ஒன்றுகூட இல்லை என்பதைக் கவனியுங்கள். அளவையும் காயும் நேரத்தையும் நான் மாதிரிக்குத்தான் போட்டிருக்கிறேன். நீங்களே துவைத்து, ஃபேனுக்குக் கீழே போட்டு, கடிகாரத்தைப் பார்த்துவிட்டு எழுதுங்கள். துவைப்பதற்கு முன்னும் பின்னும் அளந்துவிட்டால் எவ்வளவு சுருங்கும் என்பதும் தெரிந்துவிடும்.

கஞ்சி பற்றிய வரியை எழுத உங்கள் கை தயங்கும். குறையை நாமே சொல்வதா என்று தோன்றும். கட்டாயம் எழுதுங்கள். புதுத் துண்டு தண்ணீரைத் தள்ளுகிறது என்று ஏமாந்து, முதல் நாளே ஒதுக்கிவைப்பவர்கள் நிறைய உண்டு. காரணத்தை முன்னாலேயே சொல்லிவிட்டால் அவர்கள் காத்திருப்பார்கள். துணியை மிருதுவாக்கும் கண்டிஷனர் போட வேண்டாம், அது இழைமேல் படிந்து உறிஞ்சுவதைக் குறைக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அடர்ந்த நிறமாக இருந்தால் முதல் சில முறை தனியாகத் துவைக்கச் சொல்லுங்கள்.

விலையைப் பற்றி ஒரு வார்த்தை. ‘நியாயமான விலை’ என்று எழுதாமல் ரூபாயைப் போடுங்கள். ‘விலைக்கு இன்பாக்ஸ் வரவும்’ என்பது எனக்குப் பிடிக்காத வழக்கம், பாதிப் பேர் அங்கேயே திரும்பிவிடுவார்கள். 1980-களில் மலிவான நிர்மா சலவைத்தூளோடு சர்ஃப் போட்டிபோட்டபோது, அதன் விளம்பரத்தில் லலிதாஜி என்ற குடும்பத்தலைவி அரை கிலோ சர்ஃப் ஒரு கிலோ சாதாரண பவுடருக்குச் சமம் என்று கணக்குச் சொன்னார். பார்ப்பவர் தன் வீட்டில் போட்டுப் பார்க்கக்கூடிய கணக்கு அது. உங்களுக்கும் அப்படி ஒரு கணக்கு இருந்தால் சொல்லுங்கள். இல்லையென்றால் விலை மட்டும் போதும்.

படத்துக்குப் பூ, ஊதுவத்தி, மரத்தட்டு எதுவும் வேண்டாம். கடலூரில் 1983-இல் தொடங்கிய சிக் ஷாம்பூவை, ஊர் ஊராகப் போய் ஒரு பையன் தலையில் தேய்த்துக் குளிப்பாட்டி, முடியைத் தொட்டுப் பார்க்கச் சொல்லித்தான் விற்றார்கள். நீங்களும் செய்து காட்டுங்கள். தரையில் ஒரு டம்ளர் தண்ணீரைக் கொட்டி, நாலைந்து முறை துவைத்த துண்டை அதன்மேல் போட்டு எடுக்கும் வீடியோ, வெட்டாமல் ஒரே ஓட்டமாக இருக்கட்டும். பின்னணியில் பாட்டு வேண்டாம், தறிச் சத்தமே ஓடட்டும்.

இந்த வாரம் ஒரு பதிவை எழுதி, ஏற்கெனவே உங்களிடம் வாங்கிய இரண்டு மூன்று பேருக்கு அனுப்புங்கள். ‘நல்லா இருக்கா?’ என்று கேட்காதீர்கள், மனம் நோகக் கூடாதென்று எல்லாரும் நல்லா இருக்கு என்பார்கள். ‘இதில் உங்கள் அனுபவத்துக்கு ஒத்துவராதது எது?’ என்று கேளுங்கள். அவர்கள் சொல்வதைத் திருத்திவிட்டுப் பதிவைப் போடுங்கள்.